பேத்தி முறை

"ஆமா" என்று சொல்லிவிட்டார் ஆறுமுகநயினார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கே எட்டியது. கேட்டவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கடலைப் பார்த்துப் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, சறுக்குமரத்தடியில் மணலை அள்ளிக்கொண்டிருந்த கவினையும், பெஞ்சுக்கு முன்னால் நின்று தலைக் கிளிப்பைக் கழற்றி நயினாரிடம் நீட்டிக்கொண்டிருந்த மிதுனாவையும் மாறி மாறிப் பார்த்து, சிரித்த முகமாக, "பேரப்பிள்ளைகளா அண்ணாச்சி?" என்றார். இல்லை, என் பிள்ளைகள் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். முதலில் அந்த ஆளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்கும், பிறகு "ஓ" என்பார், பிறகு பிள்ளைகளை ஒரு தடவை, இவரை ஒரு தடவை பார்ப்பார், "தப்பா நெனைக்காதீக" என்பார். அந்தத் தப்பா நினைக்காதீகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் வாய் தானாகவே ஆமா என்று சொல்லி வேலையை முடித்துவிட்டது. கிளிப் இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி. அதைக் கொடுத்த பிள்ளை ஊஞ்சல் பக்கம் ஓடிவிட்டாள். ஓடுவதற்கு முன்னால் அவரை ஒரு பார்வை பார்த்தாளா, இல்லையா? பார்த்த மாதிரியும் இருந்தது, முடி கண்ணில் விழுந்ததால் தலையை உதறின மாதிரியும் இருந்தது. கேட்டிருக்க மாட்டாள். ராட்டினத்தின் கீச்சுச் சத்தம் இருந்தது, காற்று இருந்தது. பக்கத்தில்தான் நின்றாள், அதுவும் இருந்தது.

எல்லாம் இந்தத் தாடியால் வந்தது என்று நினைத்துக்கொண்டார். மோவாயைத் தடவினால் முள்முள்ளாகக் குத்தியது. அவருடைய அண்ணன் செண்பகராமன் இறந்து பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை, அதுவரை சவரம் கிடையாது, தலைக்குச் சாயமும் கிடையாது. மற்ற நாளென்றால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, கொல்லைக் குழாயடியில் அவரை முக்காலியில் உட்கார வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அவர் மனைவி பிரம்மசக்தி சாயம் பூசிவிடுவாள். காதுமடலில் பட்டால் எண்ணெய் தொட்டுத் துடைப்பாள். ஒருநாளும் கேலி செய்ததில்லை, ஒருநாளும் எதற்கு என்று கேட்டதில்லை, அதுவே அவருக்குக் கொஞ்சம் உறுத்தும். இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளேயிருந்த வெள்ளை மொத்தமும் வெளியே வந்துவிட்டது. இவ்வளவு இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அண்ணன்தான் நிற்கிறான் என்று ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. கவின் மடியில் ஏறி அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா மூஞ்சில உப்பு" என்றான். உப்பளம் சூழ்ந்த ஊரில் பிறந்த பிள்ளை, வேறு எதைச் சொல்லும். வீட்டிலிருந்த துக்கக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வீடு நிறைய ஆட்கள், பாய்க்குப் பாய் யாராவது படுத்திருக்கிறார்கள், பிள்ளைகள் சத்தம் போட்டால் ஒரு முறைப்பு, சிரித்தால் ஒரு முறைப்பு. "பிள்ளைகளக் கொஞ்சம் கடற்கரைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க, பாவம் ரெண்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அலையுதுக" என்று பிரம்மசக்திதான் அனுப்பி வைத்தாள். கோவிலுக்குத்தான் போகக் கூடாது, கடலுக்குப் போகலாம் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். அனுப்பும்போது, "தாடியோட போக ஒரு மாதிரி இருக்கோ?" என்று கேட்டாள். இல்லையே என்றார். அதுவும் பொய்தான், அன்றைய முதல் பொய்.

பக்கத்திலிருந்தவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஞானதிரவியம் என்று பெயர், துறைமுகத்தில் கிரேன் பக்கம் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றவர், அதோ அந்தச் சீசாப் பலகையில் சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது அவருடைய பேரன் ஜோவன். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதுதான் கஷ்டம், முரட்டு ஆளாக இருந்தால் எழுந்து போய்விடலாம். ஓய்வு பெற்ற ஆள் என்றால் நம்மைவிட மூத்தவர்தானே என்று நயினார் மனசுக்குள் கணக்குப் போட்டார், ஒரு மூன்று நான்கு வயது மூத்தவர், முடி மட்டும் கருகருவென்று கிடக்கிறது, சாயம்தான், இந்தக் கறுப்பு எனக்குத் தெரியாதா. "மக வயித்துப் பிள்ளைகளா, மகன் வயித்துப் பிள்ளைகளா?" என்றார் ஞானதிரவியம். இதுதான், ஒரு ஆமா சொன்னால் ஒன்றோடு நிற்காது. "மக" என்றார் நயினார். சொன்ன மாத்திரத்தில் குழாயடியில் பிரஷ்ஷும் கையுமாக நிற்கிற பிரம்மசக்தி அவருக்கு மகளாகிப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மருமகன் என்ன செய்தாரு?" என்றது பக்கத்துக் குரல். "மஸ்கட்ல இருக்காரு" என்றது அவர் குரல். மஸ்கட் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. அவர் வேலை பார்க்கும் சரக்கு ஏஜென்சி ஆபீசில் மஸ்கட்டுக்குப் போகிற பெட்டிகள் அடிக்கடி வரும், அதனால் இருக்கலாம். "நல்லதாப் போச்சு. எம் மருமகன் உள்ளூர்லதான், பக்கத்துலயே இருந்து என்னத்துக்கு, ஒருநாளு பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்தது கிடையாது. நாமதான் அலைய வேண்டியிருக்கு" என்றார் ஞானதிரவியம். நயினார் தலையை ஆட்டினார்.

அந்த மஸ்கட் மருமகன் அதற்குள் அவர் மனசில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். பெயர்கூட இல்லாத பயல். முப்பத்தெட்டு வயது இருக்கும், தலை கொள்ளாத முடி, ஆறு மாதத்துக்கு ஒருதரம் பெட்டியோடு வந்து இறங்குவான், இரண்டு பிள்ளைகளையும் இரண்டு தோளில் தூக்கிக்கொண்டு இந்த மணலில் ஓடுவான், மூச்சு வாங்காது. பிரம்மசக்தி பின்னாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வருவாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தார். அவளுக்கு இப்போதுதான் நாற்பத்தொன்று. இவருக்கு ஐம்பத்தேழு. அவளை அவனுக்கே கட்டிக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. யாருக்கு? இல்லாத ஒருவனுக்கு. இல்லாத ஒருவன் மேல் பொறாமை வேறு, வயிறு எரிகிறது. எவ்வளவு சுலபமாக என் இடத்தைக் காலி செய்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன், பெட்டியைத் தூக்கி வைத்து வழிகூட அனுப்பியிருப்பேன் போலிருக்கிறது. இதைக் கேட்டிருந்தால் அண்ணன் செருப்பைக் கழற்றியிருப்பான். மூன்று தங்கச்சிகளுக்கும் ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் முடித்து, மூச்சுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நயினாருக்கு நாற்பத்தாறு ஆகிவிட்டிருந்தது. இனி எனக்கு எதற்கு என்றவரை விடாமல், வெயிலில் ஊர் ஊராக அலைந்து பிரம்மசக்தியைப் பார்த்து முடித்தவன் அண்ணன். "உனக்குன்னு ஒரு பிள்ளை வேணும்லா. நாளைக்கு நான் இருப்பேனா?" என்றான். மிதுனா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கண்ணில் பட்டவனுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். அவனுக்காக வளர்த்த தாடியை முகத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையை என் பிள்ளை இல்லை என்று சொல்லியாயிற்று. தாடி அதற்குத் தோதாகவும் இருந்தது. துக்கத்தை வேஷமாகப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா, பாரு. வீடு" என்று கவின் மணலிலிருந்து கத்தினான். நயினாருக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. தீர்ந்தது, இப்போது இந்த ஆள் திரும்புவார், என்ன அண்ணாச்சி அப்பான்னு கூப்பிடுதான் என்பார், மஸ்கட்டும் போச்சு மானமும் போச்சு என்று அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஞானதிரவியம் திரும்பினார், சிரித்தார். "எம் பேரனும் இப்படித்தான். எம் மக என்னைய அப்பா அப்பாங்கதக் கேட்டு, அவனும் என்னைய அப்பாம்பான். பெத்தவன் டாடி, நான் அப்பா. திருத்தவே முடியல, நானும் விட்டுட்டேன்" என்றார். "இவனும் அப்படித்தான்" என்றார் நயினார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாதான் பிறகு அவரைப் போட்டு அறுத்தது. தன் மகன் தன்னை அப்பா என்று கூப்பிட்டதற்கு ஒருவன் பயந்து, அதற்கு வேறொருவர் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து, அந்தக் காரணத்துக்கு இவன் மனசுக்குள் கும்பிடு போட்டு நன்றி சொல்கிறான். இதைவிடக் கேவலம் உண்டா. கவின் கட்டிய வீடு ஒரு மணல் குவியல், அதன்மேல் ஒரு ஐஸ்கிரீம் குச்சி. "நல்லாருக்குடா" என்று இங்கிருந்தே சொன்னார். மற்ற நாளென்றால் எழுந்து போய்க் குனிந்து பார்த்து, வாசல் எங்கே என்று கேட்டிருப்பார். இப்போது போனால் திரும்பவும் அப்பா என்பான், என்னென்னவோ பேசுவான், எட்ட இருப்பதே நல்லது என்று உட்கார்ந்திருந்தார்.

மிதுனாதான் கூப்பிடவில்லை. அதை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். பூங்காவுக்கு வந்தால் ஊஞ்சலில் ஏறிய நிமிடத்திலிருந்து "அப்பா தள்ளுங்க, அப்பா இன்னும் வேகமா" என்று உயிரை எடுப்பாள். இன்று ஊஞ்சல் வரிசையில் நின்றாள், முறை வந்ததும் ஏறினாள், காலை உதைத்துப் பார்த்தாள், ஊஞ்சல் அசங்கவில்லை. ஒருதரம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்து ஊஞ்சலில் தன் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு இளைஞனிடம் என்னவோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே வந்து இவளையும் ஒரு கையால் தள்ளிவிட்டான். கறுப்பு டீசர்ட், தலை கொள்ளாத முடி. இவன் எப்போது மஸ்கட்டிலிருந்து வந்தான் என்று நயினாருக்கு ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அவள் கேட்டிருக்கிறாள். கேட்டதனால்தான் கூப்பிடவில்லை. இல்லை, பெரியப்பா செத்ததிலிருந்தே பிள்ளை சத்தம் குறைந்துதான் இருக்கிறாள், இது அதுவாகவும் இருக்கலாம். கேட்டிருந்தால் அப்போதே, நான் பேத்தி இல்லை என்று சொல்லியிருக்க மாட்டாளா? எதையும் மனசில் வைத்துக்கொள்கிற பிள்ளையா அவள்? ஒன்றாம் வகுப்பு டீச்சரையே திருத்துகிறவள். கேட்டிருக்க மாட்டாள். கேட்டிருந்தால்தான் என்ன, ஆறு வயசுக்கு என்ன தெரியும் என்று ஒரு மனசு சொல்ல, அவளுக்கா தெரியாது என்று இன்னொரு மனசு சொன்னது. பேத்திக்கும் மகளுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த வீட்டில் வேறு எந்தப் பிள்ளையையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், அதுவும் ஊர்கூடி நின்ற இடத்தில்.

அண்ணனைச் சுடுகாட்டுக்குத் தூக்குவதற்கு முன்னால் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திக் கொடுப்பார்கள், இறந்தவரின் பேரன் பேத்திகள் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுற்றி வருவார்கள். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இருப்பது பெரிய பாக்கியம் என்பார்கள், அண்ணனுக்கு அந்தப் பாக்கியம் நாலைந்து இருந்தது. "பேரப்பிள்ளைக எல்லாம் வரிசையா வாங்க" என்று காரியம் செய்விக்கிறவர் கூப்பிட்டதும், அண்ணனின் மகன் பெற்ற ஹர்ஷன் முன்னால் நின்றான், அவன் பின்னால் மிதுனாவும் போய் நின்றுகொண்டாள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே உயரம். முறைக்கு அவள் அவனுக்கு அத்தை. பல் விழுந்த அத்தை. கூட்டத்தில் யாருக்கு என்ன தெரியும், அவள் கையிலும் ஒரு பந்தத்தைக் கொளுத்திக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெருப்பையே பார்த்தபடி பாதிச் சுற்று வந்துவிட்டாள். அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "ஏ, அது பேத்தி இல்ல, மக முறைல்லா, அது பிடிக்கக் கூடாது" என்றது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். போய் அந்தப் பந்தத்தை அவள் கையிலிருந்து வாங்கியது யார்? அவர்தான். வாங்கினாரா, பிடுங்கினார். "குடு, இவ என் மக" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். சாவு வீட்டில், அவ்வளவு அழுகைக்கு நடுவில், பின்னாலிருந்து யாரோ, "நயினாரு மகளா? நான் அவரு பேத்தின்னுல்லா நெனச்சேன்" என்றார்கள், இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிதுனா ஓவென்று அழுதாள். பெரியப்பா மேல் இந்தப் பிள்ளைக்கு என்ன பாசம் என்று ஒரு அம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பந்தத்துக்காக அழுகிறாள் என்று நயினாருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு உண்மையைச் சொல்லிக் கூனிக்குறுகி நின்றார், இன்றைக்குப் பொய்யைச் சொல்லிக் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைதான் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள் என்று நினைத்தபோது கிளிப் கையில் அழுந்தியது.

"நமக்கென்ன அண்ணாச்சி, கடமையெல்லாம் முடிஞ்சுது. இனிமே மேல இருந்து கூப்பிட்டா போய்ட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார் ஞானதிரவியம், கடலைப் பார்த்தபடி. தூத்துக்குடிக் கடலில் அலை என்று ஒன்று பேருக்குத்தான். தூரத்தில் இரண்டு கப்பல்கள் முறைக்காகக் காத்து நின்றன. எது முடிந்தது? ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை. கவினுக்கு இன்னும் கால்சட்டை பொத்தான் போடத் தெரியாது. மிதுனா பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், காலேஜ் போக வேண்டும், அவன் அதற்குப் பிறகு போக வேண்டும், அதற்கெல்லாம் இருக்க வேண்டும். இருக்கிற வயசோடு அவர்கள் வயசைக் கூட்டிப் பார்க்கிற வழக்கத்தை அவர் எவ்வளவோ முயன்றும் விட முடியவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தால் கூட்டுவார், சாப்பிடும்போது கூட்டுவார். அண்ணனுக்கு அவரைவிட ஆறு வயதுதான் கூடுதல். காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. டம்ளர் மட்டும் நேராக நின்றது என்று மதினி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுகிறாள். நான் அப்படிக் குனிந்தால் என்னைச் சுற்றிப் பந்தம் பிடிக்க யார் வருவார்கள், கவின்தான் கொள்ளி வைக்க வேண்டும், அவனை யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அந்த நினைப்பு எப்போதும் வந்து நிற்கிற இடத்தில் வந்து நின்றது. பிள்ளைகளுக்கு இவ்வளவு சீக்கிரம் சாகப்போகிற அப்பனாக இருப்பதைவிடத் தாத்தாவாக இருப்பது கொஞ்சம் நியாயமாகத் தெரிந்ததோ என்னவோ, அதனால்தான் வாய் அப்படிச் சொன்னதோ என்று ஒரு சாக்கு கிடைத்தது. அதை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நம்பும்படி இல்லை. வெட்கம்தான். வேறொன்றுமில்லை, வெறும் வெட்கம்.

கவின் விழுந்ததை அவர் பார்க்கவில்லை. சறுக்குமரத்தைக் கீழிருந்து மேலே ஏறப் பார்த்திருக்கிறான். மணல் தெறிக்க ஓடி வந்தாள் மிதுனா. பெஞ்சுக்கு முன்னால் வந்து, மூச்சு வாங்க நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்து, "தாத்தா, தம்பி விழுந்துட்டான்" என்றாள். அவருக்கு முதலில் அது தன்னைச் சொன்னதாகவே தெரியவில்லை, பக்கத்திலிருந்தவரைச் சொல்கிறாள் என்று நினைத்தார். ஞானதிரவியமும் எழுந்தார். "தாத்தா, வாங்க" என்று நயினாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சரியாகச் சொன்னாள். நயினார் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தார், நடந்தார். கவினைத் தூக்கியபோது உதட்டில் லேசாக ரத்தம், அவ்வளவுதான், ஆனால் பிள்ளை உயிர் போகிற மாதிரி "அப்பா, அப்பா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். மிதுனா எட்டி அவன் முதுகில் தட்டி, யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏல, தாத்தான்னு சொல்லு" என்றாள். அவன் கேட்கவில்லை, அப்பா என்றே அழுதான். "அக்காக்காரிக்கு என்ன வெவரம், தம்பியத் திருத்துதா பாருங்க" என்று ஞானதிரவியம் மெச்சிக்கொண்டு, தன் பேரனுக்காக வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நயினார் அந்தத் தண்ணீரை வாங்கிப் பிள்ளையின் உதட்டைக் கழுவிவிட்டார். பாதித் தண்ணீர் சட்டையில் போனது.

போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்க நடந்தார். தோளில் கவின் தேம்பிக்கொண்டே வந்தான். மிதுனா கையைக் கொடுத்திருந்தாள், எப்போதும் போலத்தான், இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு. காயப்பட்டிருக்கிறாள், பிஞ்சு மனசு, என் வாயிலிருந்தே கேட்டுவிட்டு, அதை என் மானத்துக்காக மறைத்துக் காப்பாற்றியும் விட்டாள் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆறு வயசுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, ஒரு பட்டாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்பதா. மாங்காய் போட்ட பட்டாணி விற்கிற வண்டியைத் தாண்டி வந்த பிறகு கேட்டார்.

"ஏம்மா தாத்தான்னு கூப்பிட்ட?"

"நீங்கதான அந்தத் தாத்தாட்ட சொன்னீங்க, பேத்தின்னு."

"சும்மா சொன்னேன்மா."

"வீட்லயும் தாத்தான்னே கூப்பிடவா?" என்றாள் மிதுனா. குனிந்து பார்த்தார். அவள் முகத்தில் அவர் தேடிய எதுவும் இல்லை. கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. "பேத்தின்னா பந்தம் பிடிக்கலாம்லா. நீங்க செத்துப்போனா நான்தான் மொதல்ல பிடிப்பேன். ஹர்ஷனுக்குக் குடுக்கவே மாட்டேன்."

வாசல் பக்கம் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், கிளம்ப மாட்டேன் என்றது. நயினார் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். அப்படியென்றால் பிள்ளை இவ்வளவு நேரமும் வருத்தத்தில் இல்லை. ஊஞ்சலில் ஆடும்போதும், இன்னொருவனைத் தள்ளச் சொன்னபோதும், தம்பியைத் திருத்தியபோதும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள், தன்னிடமிருந்து பிடுங்கியதை அப்பாவே திருப்பித் தந்துவிட்டார் என்று. அவர் தப்பித்துக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தையை அவள் பரிசாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டுவிட்டாள். அதற்கு ஈடாக அவர் சாக வேண்டும், அவ்வளவுதான், அதில் அவளுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பார், இந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு மறந்துவிடுவாள். இல்லை, மறக்க மாட்டாள். வீட்டுக்குள் போனதும் அத்தனை பேர் முன்னாலும் தாத்தா என்பாள், பிரம்மசக்தி காப்பித் தட்டோடு திரும்பிப் பார்ப்பாள். அதற்குப் பயந்துதான் திரும்பினாரா, அதைவிட வேறு எதற்காகவாவது திரும்பினாரா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பி நடந்தார் என்பது மட்டும் நடந்தது.

ஞானதிரவியம் பேரனின் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, எதையும் விட்டுட்டுப் போய்ட்டீகளா?" என்றார்.

"இல்ல. இவ என் மக. இவன் என் மகன். நான் பெத்த பிள்ளைக."

ஞானதிரவியம் நிமிர்ந்தார். எதிர்பார்த்த அதே வரிசையில் எல்லாம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது, பிள்ளைகளைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். தப்பாக நினைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. "பெறகு எதுக்கு அப்படிச் சொன்னீக?" என்றார், உண்மையிலேயே புரியாமல்.

"வெக்கமா இருந்துச்சு" என்றார் நயினார். பிள்ளையின் கை தன் கையில் இருக்கும்போதே சொன்னார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்றால் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஞானதிரவியம் தன் பேரனின் செருப்பு வாரை இழுத்து மாட்டிவிட்டு, "பிள்ளைக்கு உதடு வீங்கும், ஐஸ் வைங்க" என்றார்.

மிதுனா அதுவரை நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி நடக்கத் தொடங்கியதும், "அப்பம் எனக்குப் பந்தம் கிடையாதா?" என்றாள்.

"கிடையாதும்மா."

"எப்பமுமேவா?"

"எனக்கு நீ பிடிக்கக் கூடாது. நீ என் மகல்லா."

அவள் கையை உருவிக்கொண்டாள். ஓவென்று அழவில்லை, அன்றைக்கு மாதிரி இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பந்தத்தோடு சுற்றி வந்தபோது நடந்த அதே நடையில், அவருக்கு நாலடி முன்னால் நடந்தாள். கண்ணை மட்டும் இரண்டு தரம் புறங்கையால் துடைத்தாள். இரண்டாவது தடவையும் அவள் கையிலிருந்து அதை வாங்கியது நான்தான் என்று நயினார் நினைத்துக்கொண்டார். தன் ஸ்கூட்டரில் கவினை முன்னால் நிறுத்தி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பழைய துறைமுகத்தைத் தாண்டும்போது எதிர்க்காற்று பலமாக இருந்தது. சட்டைப்பையில் கிடந்த கிளிப் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது. "முடி கண்ல விழுது, மெதுவாப் போங்க" என்றாள் பின்னாலிருந்து. மெதுவாகப் போனார். வேறு ஏதாவது சொல்லுவாள் என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓட்டினார். ரயில்வே கேட்டில் நின்றபோது, "தண்ணி வேணும்" என்றாள். வீட்டுத் தெருமுனை வந்ததும், "இங்கயே எறக்கி விடுங்க" என்றாள். அப்பா என்றும் சொல்லவில்லை, தாத்தா என்றும் சொல்லவில்லை.